கோழிக்காலுக்கு நான்கு கைகள்

ஆற்றுக்குப் பாலம் கட்டாத காலம் அது. நாட்டுக்கு ஓர் அரசன் இருந்தான். மலையடிவாரத்து ஊர்க்காரர்கள் யாரும் அவனைப் பார்த்ததில்லை. அந்த ஊரில் நல்லக்காள், செம்பாயி என்று இரண்டு பெண்கள் வாழ்ந்தார்கள். நல்லக்காள் அண்ணனை மணந்தவள். செம்பாயி தம்பியை மணந்தவள்.

மாமனார் இறந்ததும் பாகப்பிரிவினை வந்தது. வீட்டைப் பிரித்தார்கள், நிலத்தைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள். உரல் ஒன்றுதான் இருந்தது. அதைப் பிரிக்க முடியவில்லை. உரலுக்காக இரண்டு பெண்களுக்கும் நடுவே பேச்சு வளர்ந்தது. வளர்ந்த பேச்சு ஒருநாள் ஒரேயடியாக நின்றுபோனது. இரண்டு வீட்டுக்கும் நடுவே முள்வேலி எழுந்தது.

ஒரு மார்கழியில் அண்ணனும் தம்பியும் பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு உப்பு வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். திரும்பி வரப் பல வாரம் ஆகும். நல்லக்காளிடம் ஒரு செங்கோழி இருந்தது. அப்போதுதான் குஞ்சு பொரித்திருந்தது. அந்த வீட்டில் அவள் பேசுவதைக் கேட்க அது ஒன்றுதான் இருந்தது.

ஒரு காலையில் செங்கோழி குஞ்சுகளோடு வேலிக்கு அந்தப் பக்கம் போய், செம்பாயியின் கீரைப்பாத்தியைக் கிளறிவிட்டது. செம்பாயி ஒரு விறகுக்கட்டையை எடுத்து வீசினாள். விரட்டத்தான் வீசினாள். அது காலில் பட்டுவிட்டது. கோழி ஒரே ஒரு தடவை கத்தியது. பிறகு இறக்கையைத் தரையில் ஊன்றி ஊன்றி, வேலிக்கடியில் நுழைந்து, வீடு போய்ச் சேர்ந்தது. குஞ்சுகள் பின்னாலேயே ஓடின.

யாரும் பார்க்கவில்லை. செம்பாயி உள்ளே போய்க் கஞ்சியைக் கையில் எடுத்தாள். குடிக்காமல் கீழே வைத்துவிட்டாள்.

நல்லக்காள் வந்து பார்த்தபோது கோழியின் முட்டிக்குக் கீழே எலும்பு முறிந்து கால் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் எடுக்கப் போன பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். "இனி இது நடக்காதும்மா. குழம்பு வச்சிடு."

"இந்தப் பனியில குஞ்சுங்க யார் சூட்டுல படுக்கும்?" என்று கேட்டாள் நல்லக்காள். அந்தப் பெண் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

நல்லக்காள் வெந்நீரில் மஞ்சள் கலந்தாள். மூங்கிலைச் சிம்பு சிம்பாகச் சீவினாள். பழைய வேட்டியைக் கிழித்தாள். முதல் தடவை காலைக் கழுவப் போனாள். கோழி இறக்கையை அடித்ததில் தண்ணீர் கொட்டியது. இரண்டாம் தடவை சிம்பை வைத்தாள். கோழி உதறித் தள்ளியது. மூன்றாம் தடவை துணியைச் சுற்றினாள். முடிச்சு விழுவதற்குள் அவிழ்ந்தது. கோழியைப் பிடித்தால் கட்டக் கையில்லை. கட்டப்போனால் பிடிக்கக் கையில்லை.

கோழியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நான் என்னதாண்டி பண்ணட்டும்?" என்று அதனிடமே கேட்டாள்.

வேலி இடுக்கில் செம்பாயி நின்றுகொண்டிருந்தாள். வாய் திறக்காமல் இருந்துவிட்டால் யார் அடித்தது என்பது வெளியே வராது. அது அவளுக்குத் தெரியும். வீட்டுக்குள் போனாள், திரும்பி வந்தாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். தாய்ச்சூடு கிடைக்காத குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. அவள் முள்ளை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள்.

"கட்டையை வீசினது நான்தான்," என்றாள்.

நல்லக்காள் நிமிர்ந்து அவளையே பார்த்தாள். கோபம் வந்தது. மடியில் கோழி நடுங்கியது.

"சரி. வந்து இறக்கையைப் பிடி. ரொம்ப அழுத்தாத, மூச்சு முட்டிடும்."

செம்பாயி முந்தானையால் கோழியின் கண்ணை மூடினாள். இருட்டானதும் அது அடங்கியது. இறக்கைகளை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. செம்பாயிக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை. நல்லக்காள் காயத்தைக் கழுவி, காலை மெல்ல நேராக்கி, பஞ்சு சுற்றி, இரண்டு பக்கமும் சிம்பு வைத்துக் கட்டினாள். வைக்கோல் போட்ட கூடையில் கோழியை உட்காரவைத்து, குஞ்சுகளை இறக்கைக்கடியில் விட்டாள். கம்பு தானியமும் தண்ணீரும் அலகுக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.

சாயங்காலம் செம்பாயி தானாகவே வந்து கோழியின் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்கா, விரல் சில்லுனு இருக்கு. கட்டு இறுக்கிப்போச்சு போல."

இருவரும் சேர்ந்து கட்டைத் தளர்த்தினார்கள். விரல்களில் சூடு திரும்பும்வரை செம்பாயி தேய்த்துக்கொண்டிருந்தாள். பேச்சு நின்ற நாளிலிருந்து அவள் அந்த "அக்கா"வைச் சொன்னதில்லை. சொன்னதை அவளும் கவனிக்கவில்லை, கேட்டவளும் கவனிக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு முறை கட்டு மாற்றும்போதும் ஒருத்தி பிடித்தாள், ஒருத்தி கட்டினாள்.

தை பிறந்த பிறகு சிம்பை எடுத்துவிட்டார்கள். கோழியைத் தரையில் இறக்கினார்கள். நின்றது, சாய்ந்து விழுந்தது. இரண்டு பேரின் கைகளும் ஒன்றாக நீண்டன. ஆனால் தொடவில்லை, பொறுத்திருந்தார்கள். கோழி மறுபடி எழுந்தது. காலைக் கொஞ்சம் சாய்த்து வைத்து மெதுவாக நடந்து, குஞ்சுகளுக்கு நடுவே போய் நின்று கொக்கரித்தது.

"கஞ்சி குடிச்சியா செம்பாயி?" என்று கேட்டாள் நல்லக்காள்.

"இன்னும் இல்லக்கா."

"உள்ள வா. ரெண்டு பேருக்கும் இருக்கு."

ஆகவே கேட்பவர்களே, செய்த தவற்றை ஒப்புக்கொண்டு உதவிக்கு நீட்டும் கையும், அந்தக் கையைத் தட்டிவிடாமல் ஏற்கும் மனமும் சேர்ந்தால்தான் முறிந்தது கூடும்.