புளியமரத் திருப்பமும் செவலைக் கீரியும்

ஏரிக்கரைக் காட்டில் ஒரு பழைய விமான ஓடுதளம் இருந்தது. விமானங்கள் வருவது நின்ற பிறகு, விலங்குகள் அதில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடத்தின. வருடத்துக்கு நான்கு பந்தயம். நான்கிலும் சேர்த்து அதிகப் புள்ளி எடுப்பவருக்கே சாம்பியன் கோப்பை.

செவலை என்ற கீரி பதினைந்து வருடமாகப் பந்தயம் ஓட்டியது. தனிப் பந்தயங்கள் எத்தனையோ ஜெயித்திருந்தது. சாம்பியன் கோப்பையை மட்டும் தொட்டதில்லை. இந்த வருடம் முதல் மூன்று பந்தயங்களிலும் நிதானமாக ஓட்டிப் புள்ளி சேர்த்திருந்தது. முழங்கால் வலி வேறு. இதுதான் அதற்குக் கடைசி வருடம்.

நான்காம் பந்தயத்தன்று மெக்கானிக் பெருச்சாளி சொன்னது: "அண்ணே, நரி முதல்ல வந்தாலும் வந்துட்டுப் போகட்டும். நீங்க மூணாவதா வந்தாப் போதும், கோப்பை நமக்குத்தான்!"

"மூணாவதா வர்றதெல்லாம் ஒரு வேலையாடா!" என்று சிரித்தது கீரி.

புள்ளியில் கீரிக்கு அடுத்ததாக இருந்த நரியின் காதில் இது விழுந்தது. வேகத்தால் மட்டும் கோப்பை கிடைக்காது என்று அதற்குத் தெரியும். மெல்ல வந்து கீரியின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"அண்ணே, அந்தக் காலத்துல புளியமரத் திருப்பத்துல வெளிப்பக்கமாப் போயி, ஒரே மூச்சுல ரெண்டு பேரைத் தாண்டுவீங்களே! அதைப் பார்க்கத்தானே குரங்குக் கூட்டமே புளிசோறு கட்டிக்கிட்டு வரும்! இப்ப யாருண்ணே அப்படி ஓட்டுறா?"

கீரியின் மனம் உருகிவிட்டது. என்ன நாட்கள் அவை! எரிந்த ஆயிலின் வாசனை. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, இன்ஜின் உறுமியதும் தாவி ஏறுகிற தொடக்கம். முழங்கால் தரையில் உரச வளைந்தால் கரை முழுக்க எழும் கூச்சல்! அப்போது அதற்கு மீசைகூட நரைக்கவில்லை.

"நினைப்புதான் பொழப்பைக் கெடுக்கும்ணே!" என்றது பெருச்சாளி. கீரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டது.

கொக்கு கொடியசைத்தது. பத்துச் சுற்றுப் பந்தயம். ஒன்பது சுற்று வரை கீரி ஒழுங்காக மூன்றாவதாகவே வந்தது. முன்னே நரி, அடுத்துக் காட்டுப்பன்றி. பின்னால் வெகுதூரத்துக்கு யாருமில்லை.

கடைசிச் சுற்றில், புளியமரத் திருப்பத்துக்கு முன்னால் நரி வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தது. பன்றியும் குறைக்க வேண்டியதாயிற்று. இரண்டும் இப்போது கைக்கெட்டும் தூரத்தில்! மரத்திலிருந்த கிழட்டுக் குரங்குகள் எழுந்து நின்று கத்தின.

"செவலை! வெளிப்பக்கம்! வெளிப்பக்கம்!"

கீரிக்குப் பதினைந்து வயது குறைந்துபோனது. ஆக்சிலேட்டரை முறுக்கி வெளிப்பக்கம் பாய்ந்தது. பன்றியைத் தாண்டியது. நரியையும் தாண்டியது! ஆனால் இப்போதெல்லாம் யாரும் அந்த ஓரத்தில் ஓட்டாததால் அங்கே மணல் சேர்ந்து கிடந்தது. ஒன்பது சுற்றும் கண்ணில் பட்ட மணல், அந்த நொடியில் மட்டும் படவில்லை. சக்கரம் வழுக்கியது. வண்டி ஒரு பக்கம் போக, கீரி வைக்கோல் கட்டுகளின் மேல் போய் விழுந்தது.

குரங்குகள் கை தட்டின. அந்தக் காலத்தில் தட்டியது போலவே தட்டின. நரி முதலாவதாகக் கோட்டைக் கடந்ததும் அதற்கும் தட்டின.

பெருச்சாளி மூச்சிரைக்க ஓடிவந்தது. "அடி கிடி பட்டுச்சாண்ணே?"

"இல்லடா. கை தட்டினாங்களே, கேட்டியா?"

"கேட்டேண்ணே. அங்க நரி கோப்பையை வாங்குது, அதையும் பாருங்க!"

கீரி பார்த்தது. பதினைந்து வருடத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதது.

பழைய கைதட்டலுக்கு ஏங்குகிறவர், கைக்கு வந்த வெற்றியையும் கோட்டை விடுவார்.