வெள்ளையில் போட்ட கலியமூர்த்தி

ஊருக்கெல்லாம் மூளை மழையாகப் பெய்த அன்று குடை பிடித்துக்கொண்டு நின்ற மூன்று பேர், போரூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். கலியமூர்த்தி, சேவியர், முத்தழகு. மூவரும் என்ஜினியர்கள். அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள், பாவம்.

கலியமூர்த்திக்குத்தான் அவசரம். மாமா மகள் தேன்மொழி மேல் உயிரையே வைத்திருந்தான். மாமாவோ, "ஆவணி பொறக்கறதுக்குள்ள வேலையக் காட்டு. இல்லேன்னா வேற எடம் பாத்துருவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கல்லூரி சீனியர் ஒருவன் போனில் வழி சொன்னான். "ரெஸ்யூமேய மொதல்ல மெஷின்தான்டா படிக்கும். விளம்பரத்துல இருக்கற வார்த்தையெல்லாம் அதுல இருக்கணும். தெரியாததை வெள்ளை எழுத்துல போட்டுரு. மெஷின் கண்ணுக்குத் தெரியும், மனுஷன் கண்ணுக்குத் தெரியாது."

மூவரும் ஒரு கம்பெனியின் வேலை விளம்பரத்தை ஒரு வார்த்தை விடாமல் கலியமூர்த்தியின் ரெஸ்யூமேயில் சேர்த்தார்கள். 'கேன்டீன் வசதி உண்டு' என்பதும் சேர்ந்தது. பிறகு தெரிந்தது தெரியாதது பிரித்தார்கள்.

"பைத்தான் தெரியுமா?" என்றான் முத்தழகு.

"தெரியாது."

"வெள்ளை. பி.இ.?"

"அது படிச்சேன்டா."

"படிச்சது இருக்கட்டும். தெரியுமான்னு கேட்டேன்."

கலியமூர்த்தி யோசித்தான். "வெள்ளையே போடு."

கடைசியில் கறுப்பில் மிஞ்சியது அவன் பெயர் மட்டும்தான். மெஷின் நூற்றுக்கு நூறு போட்டு, இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுவிட்டது.

"ஆனா நேர்ல போனா மனுஷன் பாத்துருவானே" என்றான் சேவியர். "கேள்வி கேப்பானே."

"இவனையும் வெள்ளையில போட்டுருவோம்" என்றான் முத்தழகு.

வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ. முகத்துக்கும் தலைக்கும் ஒரு டப்பா பவுடர்.

"எனக்கு இவன் தெரியறானேடா?" என்றான் சேவியர்.

"நாம பழகினவங்க. அது கணக்குல சேராது."

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி, "யோவ், எங்க போற?" என்றார். கலியமூர்த்தி ஆடிப்போனான். பார்த்தால் மனிதர் மாதிரியே இருந்தார். மெஷினுக்கு மீசைகூட வைத்துவிட்டார்களே என்று வியந்து, ஒரு வணக்கம் போட்டு உள்ளே போனான்.

உள்ளே இருந்த மேடம் ரெஸ்யூமேயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உங்க பேரத் தவிர இதுல எதுவுமே இல்லையே?"

"அப்பாடா, நீங்க மனுஷங்கதான்!" என்றான் கலியமூர்த்தி.

"ஏன் மூஞ்சியெல்லாம் பவுடர்?"

அவன் முகம் செத்துவிட்டது. "நான் தெரியறேனா மேடம்?"

செக்யூரிட்டியே வந்து அவனை வெளியே கொண்டுபோய் விட்டார். தேன்மொழியை நினைத்து வழியெல்லாம் அழுததில் கன்னத்துப் பவுடர் கோடு கோடாகக் கரைந்தது.

அறையில் வழக்கு விசாரணை நடந்தது.

"எழுத்து தெரியல, ஆள் தெரிஞ்சுதுன்னா அந்தம்மா பாதி மெஷின்" என்றான் முத்தழகு. "மனுஷப் பாதிதான் உன்னக் கழிச்சுட்டுது. முழு மெஷின் ஒருநாளும் உன்னக் கழிக்காது."

அந்த நேரம் பார்த்து மாமா படியேறி வந்தார். கலியமூர்த்தி பதறிப்போய் வெள்ளைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்தான்.

"கலியன் ஊர்ல இல்லீங்க" என்றான் சேவியர்.

"அந்தா நிக்கிறானே! ஏன்டா செவுத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்க? வேலை என்னாச்சு?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சேவியர் ரெஸ்யூமேயை நீட்டினான். மாமா மூக்குக் கண்ணாடியை ஊரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். பசங்கள் முன்னால் அதைச் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. தாளை எட்டப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகக் கண்ணை ஓட்டினார்.

"ம்ம். எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கு. கேன்டீன்லாம் உண்டா?"

"உண்டுங்க மாமா. அதுலயே இருக்கு பாருங்க."

"ஆமாமா, பாத்தேன், பாத்தேன்."

கலியமூர்த்தி ஓடிவந்து அவர் காலில் விழுந்தான். "முழு மெஷின்டா! நூத்துக்கு நூறுடா! மாமா, தேதி குறிச்சிரலாமா?"

மாமா ஒன்றும் புரியாமல் கட்டிலில் உட்கார்ந்தார். "குறிக்கலாம், குறிக்கலாம். பஸ்ஸுல நின்னுகிட்டே வந்தது அசதியா இருக்கு. மொதல்ல ஏதாவது குடுங்கப்பா."

காபி போட எழுந்த சேவியரை முத்தழகு கையைப் பிடித்து நிறுத்தினான். "லூசாடா நீ? பெரியவரு அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்காரு. சார்ஜர எடு!"