எரிக்க வேண்டிய முதல் துணி

“நீலம்!”

“பச்சை.”

“நேற்றும் நீலம், இன்றும் நீலம். அதே உத்தரீயம், அதே கரை, அதே…”

“பச்சை என்கிறேன். கொஞ்சம் இந்தப் பக்கமாக வந்து நின்று…”

“நான் இன்னும் பேசி முடிக்கவில்லை!”

“நீர் முடிப்பதற்குள் இது வெளுத்தே போய்விடும், சேதுராயரே.”

இந்தச் சத்தம் கேட்டது சந்தையில் இல்லை, ராஜசபையில். எந்த நாடு, எந்த வருஷம் என்றெல்லாம் கேட்கக்கூடாது. ராஜா வாயிலிருந்து எது விழுந்தாலும் அது சட்டமாகிவிட்ட காலம், அவ்வளவுதான். நீலம் என்று கத்தியவர் சேதுராயர், அரண்மனை உடுப்பு அறைக்கு அதிகாரி. பச்சை என்று சாதித்தவன் ஆவுடையப்பன், சபையின் விகடகவி. அவன் தோளில் கிடந்தது மயில்கழுத்துப் பட்டு. ஒரு பக்கமிருந்து பார்த்தால் நீலம், தலையைச் சாய்த்துப் பார்த்தால் பச்சை. பதினொரு வருஷமாக உடுத்துகிறான்.

“மகாராஜா அவர்களே சொல்லட்டும்,” என்றார் சேதுராயர்.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இந்தப் பக்கம் சாய்ந்தார், அந்தப் பக்கம் சாய்ந்தார்.

“நேற்று நீலமாக இருந்தது. இன்று பச்சையாகத்தான் தெரிகிறது. விட்டுவிடும், சேதுராயரே.”

சபை சிரித்தது. சேதுராயருக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

இந்தச் சண்டை எதனால் வந்தது தெரியுமா? பத்து நாளைக்கு முன்னால், காலையில் கண்ணாடி முன் நின்ற ராஜா, “சேதுராயரே, நேற்று பார்த்த அதே ஆள்தான் இன்றும் கண்ணாடியில் நிற்கிறான். எனக்கு அலுத்துவிட்டது,” என்றார். சேதுராயர் உடனே, “அலுப்பு முகத்தில் இல்லை மகாராஜா, துணியில்,” என்றார். அவருடைய மைத்துனருக்கு ராஜவீதியில் பட்டுக்கடை. அன்று மாலையே முரசு அறைந்தார்கள்: ‘ஒரு முறை உடுத்திய துணியை மறுமுறை உடுத்திக்கொண்டு எவரும் அரசர் முன் வரலாகாது.’

மந்திரிமார் எல்லாரும் தினம் ஒரு புது வேட்டியில், கஞ்சி மொடமொடக்க, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் சபைக்கு வந்தார்கள். ஆவுடையப்பன் ஒருவன்தான் பழையபடி வந்தான். அவனை ‘ஓராடையப்பன்’ என்று கூப்பிடச் சொல்லிக் கொடுத்ததே சேதுராயர்தான். ராஜாவைச் சிரிக்க வைக்கிறவன் பக்கத்தில் நிற்க அவருக்குப் பிடிப்பதில்லை.

மறுநாள் ஆவுடையப்பன் சிவப்புக் கரை வேட்டியில் வந்தான். சேதுராயர் கிட்டே போனார், குனிந்தார், முகர்ந்தே பார்த்துவிட்டார்.

“பூந்திக்கொட்டை வாசம்! சலவை செய்த துணி! மகாராஜா, பிடித்துவிட்டேன்!”

“ஆவுடையப்பா, இது புதிதா?”

“இல்லை மகாராஜா, பழசு.”

“பிறகு எந்தத் தைரியத்தில் உடுத்தி வந்தாய்?”

“நான் உடுத்தியதை நான் மறுமுறை உடுத்தக்கூடாது என்பதுதானே உத்தரவு? இது களஞ்சியக் கணக்கர் உடுத்தியது. அதோ நிற்கிறார் பாருங்கள், அவர் இடுப்பில் இருப்பது நான் உடுத்தியது. இருவருக்கும் இன்றுதான் முதல் முறை.”

கணக்கர் தூணுக்குப் பின்னால் மறைந்தார். ராஜா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். சேதுராயருக்கு மட்டும் காது சிவந்தது.

“மகாராஜா, இவன் சட்டத்தோடு விளையாடுகிறான். இனி ஓட்டையில்லாமல் நானே எழுதுகிறேன்.” ஓலையை வாங்கி, வாயால் சொல்லிக்கொண்டே எழுதினார். “யார் உடுத்திக் களைந்த துணியானாலும், அது யார் மேனியில் பட்டாலும் குற்றம். தேர்த் திருவிழா அன்று ஊரிலுள்ள பழைய துணி அத்தனையும் கோயில் வாசலுக்கு வரவேண்டும். அங்கேயே எரிக்கப்படும். ஒளித்து வைப்பவர் நாட்டை விட்டுப் போகவேண்டும்.”

மந்திரி ஒருவர், “எரிக்கவா? ஊர்த்துணி முழுவதையுமா?” என்று தனக்குள் சொல்லிக்கொண்டது எல்லாருக்கும் கேட்டது.

ஆவுடையப்பன் கேட்டான்: “விதிவிலக்கு உண்டா, சேதுராயரே?”

“எவருக்கும் இல்லை.”

“ஏழைக்கு?”

“இல்லை.”

“மகாராஜாவுக்கு?”

“மகாராஜா பழைய துணியைத் தொட்டதுண்டா, மூடனே? எவருக்கும் விலக்கில்லை! எழுதிவிட்டேன், போதுமா?”

ராஜா முத்திரை வைத்தார். ஆவுடையப்பன் கைகூப்பினான்.

“மகாராஜா, ஒரு விண்ணப்பம். அந்தத் தீயில் முதல் துணியைப் போடும் உரிமை அடியேனுக்கு வேண்டும்.”

சேதுராயருக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும், ‘பயல் பணிந்துவிட்டான்’ என்று நினைத்து அவரே முந்திக்கொண்டு, “கொடுத்துவிடலாம், மகாராஜா,” என்றார்.

வீட்டுக்குப் போய் இதைச் சொன்னதும், அவன் மனைவி செண்பகவடிவு அரிசி களைந்த தண்ணீரை அரிசியோடு முற்றத்தில் கொட்டிவிட்டாள்.

“என்னங்க சொல்லுதீக? எரிக்கவா? என் பெட்டியையா?”

“பெட்டியை இல்லை வடிவு, பெட்டிக்குள்ளே இருக்கிறதை.”

“ஒம்பது சேலைங்க! ஒவ்வொண்ணும் எப்படி வந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியும். தறிக்காரத் தெருவுக்கே தெரியும். வடிவு ஒரு சேலை எடுப்பதென்றால் முதல் நாள் விலை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவாள். அடுத்த வாரம் போய் முந்தானையை வெயிலில் பிடித்துப் பார்ப்பாள். அதற்கடுத்த வாரம் ஓரத்தை நனைத்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்ப்பாள். திருவிழாக் கூட்டம் ஓய்ந்து, தறிக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கும் நாளில் நாலாவது முறை போவாள். “தாயே, எடுத்துக்கிட்டே போயிரும். ஒமக்கு விரிச்சுக் காட்டியே சேலை பழசாயிரும் போல இருக்கு!” என்று அவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

“இந்த மாம்பழக் கலருக்கு ஏழு தடவை நடந்தேன்,” என்றாள், பெட்டியைத் திறந்து. “கொசுவத்துக்கிட்ட ஒரு இழை விட்டுப்போயிருந்துச்சு. உள்ள போற எடத்தை எவ பாக்கப் போறான்னு அதைச் சொல்லியே கொறச்சு வாங்கினேன். பத்து வருசமாச்சு. கறுப்புக் கரையில ரவிக்கை போட்டா ஒரு சேலை, செவப்பு ரவிக்கை போட்டா வேற சேலை. மகாராணி ஒரு சேலையை ஒரே ஒரு நாள் பாக்காக. நான் பத்து வருசமா பாக்கேன், இன்னும் பாத்து முடியலை.”

“தெரியும் வடிவு.”

“தெரிஞ்சுமா மொதத் துணியை நானே போடுதேன்னு கேட்டு வாங்கிட்டு வந்தீக? மனுசனா நீங்க?”

“பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கோயிலுக்கு வா.”

“நாட்டை விட்டுப் போகச் சொன்னா போயிருவோம். பெட்டியோட போயிருவோம். எரிக்கக் கொண்டாரமாட்டேன்!”

“எரிக்கக் கொண்டுவரச் சொல்லலை. கொண்டுவரத்தான் சொல்லுதேன்.”

அவள் அவனையே பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறானா, நிஜமாகவே புத்தி கலங்கிவிட்டதா என்று அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

திருவிழா அன்று கோயில் வாசலுக்கு எதிரே கட்டைகளை அடுக்கித் தீ மூட்டியிருந்தார்கள். ஊரே மூட்டையும் முடிச்சுமாக வந்து நின்றது. ஒருத்தி தொட்டில் துணியை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கிழவர் மகள் கல்யாணத்துக்கு உடுத்திய வேட்டியை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தார். வடிவு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். என்னைத் தூக்கிவிட்டு எடுங்கள் பார்க்கலாம் என்கிற மாதிரி.

சேதுராயர் முத்திரை ஓலையும் கையுமாக வந்தார். “ம்… ஓராடையப்பரே, ஆரம்பிக்கலாமா?”

“அவசரம் என்ன? மகாராஜா சுவாமி தரிசனம் செய்து, மரியாதை வாங்கிக்கொண்டு வரட்டும்.”

மேளம் முழங்கியது. ராஜா வாசலில் குனிந்து நின்றார். குருக்கள் வெள்ளித் தாம்பாளத்தை ஏந்தி வந்தார். அதில் மாலை, விபூதி, மஞ்சள் பட்டுப் பரிவட்டம். ராஜாவின் தலையில் அதைக் கட்டுவதுதான் அந்தக் கோயிலின் முதல் மரியாதை. குருக்கள் தாம்பாளத்தைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்து, பரிவட்டத்தை எடுத்து விரித்து, ராஜாவின் நெற்றிக்கு நேரே கொண்டுபோனார்.

“நிறுத்துங்கள்!”

மேளம் நின்றுவிட்டது. குருக்களின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

“சுவாமி, அந்தத் துணி புதியதா?” என்று கேட்டான் ஆவுடையப்பன்.

“என்ன கேள்வி இது? நேற்றுவரை மூலவர் திருமேனியில் இருந்தது!”

“அப்படியானால் அதை இப்படிக் கொடுங்கள். தீயில் போடவேண்டிய முதல் துணி அதுதான்.”

தாம்பாளம் கீழே விழுந்து உருண்டது. கூட்டத்தில் ஒருத்தி, “ஐயோ!” என்று வாயில் அடித்துக்கொண்டாள். இனி நாடு கடத்தல் எங்கே, கழுத்துக்கே வந்துவிட்டது என்று வடிவு பெட்டியிலிருந்து எழுந்தே விட்டாள்.

“இவனைப் பிடியுங்கள்! தெய்வ நிந்தனை!” என்று சேதுராயர் கூவினார்.

“யாருடைய நிந்தனை? ‘யார் உடுத்திக் களைந்த துணியானாலும்.’ அது உம்முடைய எழுத்து. ‘யார் மேனியில் பட்டாலும்.’ அதுவும் உம்முடைய எழுத்து. ‘எவருக்கும் விலக்கில்லை.’ மகாராஜாவுக்கு உண்டா என்று நான் கேட்டதற்கு மூடனே என்றீர்.”

“சுவாமி… சுவாமி துணி உடுத்துவதில்லை! சாத்துகிறார்கள்! உடுத்துவது வேறு, சாத்துவது வேறு!”

ஆவுடையப்பன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். “கேட்டுக்கொண்டீர்களா? இன்றிலிருந்து இந்த ஊரில் யாரும் துணி உடுத்தவேண்டாம். எல்லாரும் சாத்திக்கொள்ளுங்கள்! தீர்ந்தது குற்றம்.”

எங்கேயோ ஒருவர் களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார். ராஜா நிமிரவில்லை. குனிந்தபடியே கேட்டார்:

“குருக்களே, எனக்கு ஏன் இவ்வளவு காலமாகப் பழைய துணியைக் கட்டுகிறீர்கள்? புதிதாக ஒன்று வாங்கிக் கட்டினால் ஆகாதா?”

குருக்கள் திகைத்துப்போனார். ராஜாவிடம் பேசுகிறோம் என்பதையே மறந்து, “புதுத்துணியா? அது கடையில் கிடக்குமே, காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்குமே! இது சுவாமி திருமேனியில் கிடந்தது. கிடந்ததனால்தானே இதற்கு மரியாதை? இல்லாவிட்டால் இது வெறும் இரண்டு முழம் பட்டு,” என்றார்.

தீ படபடவென்று எரிந்தது. ஒரு பக்கம் முத்திரை வைத்த ஓலை, ஒரு பக்கம் பரிவட்டம். ஒன்றைக் காப்பாற்றினால் மற்றொன்று தீக்குப் போகவேண்டும். ராஜா என்ன சொல்லப்போகிறாரோ என்று ஊரே அவர் வாயைப் பார்த்தது.

ராஜா கையை நீட்டினார், சேதுராயர் பக்கமாக.

“அந்த ஓலையைக் கொடும்.”

வாங்கினார். ஆவுடையப்பனிடம் கொடுத்தார்.

“முதலில் போடும் உரிமை உன்னுடையதுதானே? இதைப் போடு.”

ஓலை தீயில் விழுந்ததும் சடசடவென்று சுருண்டது. கூட்டம் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறா எல்லாம் எழும்பிவிட்டன. குருக்கள் பரிவட்டத்தைக் கட்டி முடிக்கும் வரை ராஜா எப்படியோ அடக்கிக்கொண்டிருந்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சாத்திக்கொள்ளுங்களாம்! சாத்திக்கொள்ளுங்களாம்!” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

“சேதுராயரே!”

“மகாராஜா…”

“நான் ஒருமுறை உடுத்திப் போட்டது உடுப்பு அறையில் எத்தனை கிடக்கும்?”

“அது… மூன்று அறை நிறைய, மகாராஜா.”

“அத்தனையும் நைந்து கிழியும் வரை எனக்குப் புதுத்துணி வேண்டாம். உமது மைத்துனரிடம் சொல்லிவிடும்.”

பேயறைந்த மாதிரி நின்றார் சேதுராயர். அந்த மூன்று அறை கிழிவதற்குள் மைத்துனர் பேரன் எடுத்துவிடுவார்.

“ஆவுடையப்பா, உனக்கு என்ன வேண்டும்?”

“பரிசை என் மனைவிக்குக் கொடுங்கள், மகாராஜா. மூன்று நாளாக எனக்குச் சோறு போடவில்லை.”

மறுபடியும் சிரிப்பு. ராஜா உடனே ஆள் அனுப்பி, ராஜவீதிக் கடையிலிருந்து இருப்பதிலேயே உயர்ந்த பட்டு ஒன்றை எடுத்து வரச் செய்தார். அரக்கு நிறம், முழம் அகலத்துக்குச் சரிகை. தம் கையாலேயே வடிவிடம் கொடுத்தார்.

வடிவு கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். கை கேட்கவில்லை. பந்தல் நிழலை விட்டு இரண்டு எட்டு வைத்து வெயிலுக்குப் போனாள். முந்தானையை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தில் எச்சில் விரலை வைத்துத் தேய்த்து, விரலைத் திருப்பிப் பார்த்தாள். சரிகையை நகத்தால் மெல்லச் சுரண்டினாள். ஊரும் சபையும் ராஜாவும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நல்ல சேலைதான் மகாராஜா. என்ன வெலை சொன்னான்?”

ராஜா கடைக்குப் போய்வந்த ஆளைப் பார்த்தார். அவன், “நூறு பொன் என்றார்கள். கொடுத்துவிட்டு எடுத்து வந்தேன்,” என்றான்.

வடிவின் கையிலிருந்து முந்தானை நழுவியது.

“ஐயோ மகாராஜா! சொன்ன வெலையையேவா குடுத்தீக?”