நீலத்தண்டு இலை

“என் விதிகள் ஒரு பொம்பளையைக் கொல்லப் பார்க்குது அம்மா,” என்றார் நல்லபெருமாள், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே.

பூரணி நிமிரவில்லை. மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“யார் நீங்க?”

“நான்தான்.”

“எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.”

எத்தனையோ வருஷமாக வருகிறார். ஒவ்வொரு தடவையும் இதே கேள்விதான். பேரைச் சொன்னார். பள்ளிக்கூடத்தின் பேரைச் சொன்னார். அவள் தலையை அசைத்த பிறகுதான் படியைத் தாண்டினார்.

பூரணி அவரைவிட வயதில் இளையவள். பட்டணத்தில் செய்தி சரிபார்க்கிற வேலையில் இருந்தவள். ஒருநாள் அதை விட்டுவிட்டு இந்த மலையடிவாரத்து ஓட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்பதற்கு ஊரில் பல கதைகள் உண்டு. அவளிடமே கேட்டால், “உங்களுக்கு எது பிடிச்சிருக்கோ அதை வச்சுக்கோங்க,” என்பாள்.

நல்லபெருமாள், பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சார். எந்த இணையதளத்தை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்லிக்கொடுப்பதில் அந்த வட்டாரத்திலேயே பேர் வாங்கியவர். வகுப்புச் சுவரில் அவருடைய விதிகளைப் பெயிண்டால் எழுதியிருந்தார்கள்.

முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் இருக்கிறதா? எழுதியவர் பெயர் இருக்கிறதா? தேதி போட்டிருக்கிறதா? ஆதாரம் காட்டியிருக்கிறதா? எழுத்துப்பிழை இல்லையே? வேறு தளங்களும் இதையே சொல்கின்றனவா?

பக்கத்துப் பள்ளிகளிலிருந்து வாத்தியார்கள் வந்து அந்தச் சுவரைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்கெல்லாம் முன்னால், ஒரு மழைநாளில், இதே வீட்டில் உட்கார்ந்து பூரணியிடம் கேட்டுக் கேட்டு உண்டாக்கிய விதிகள் அவை. அவள் சொன்னது நிறைய. சுவரில் ஏறியது கொஞ்சம்.

“எந்தப் பொம்பளை?” என்றாள் பூரணி.

“லூர்தம்மாள்னு பேரு. என் மாணவியோட அம்மா. சர்க்கரை வியாதி. தினம் இன்சுலின் ஊசி போடணும். அதை நிறுத்திட்டு ஏதோ பொடியைக் கலக்கிக் குடிக்கறாங்க. நேத்து அடுப்படியிலயே மயங்கி விழுந்திருக்காங்க. இன்னைக்கும் ஊசி போடலேன்னா உசுருக்கு நான் பொறுப்பில்லைன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்.”

“ஊசியை நிறுத்தச் சொன்னது யாரு?”

“ஒரு இணையதளம்.”

“அதை நம்பச் சொன்னது?”

நல்லபெருமாள் மேல்துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

“அவங்க மக அமலோற்பவம். வகுப்புல முதல் பிள்ளை. என் விதி ஒவ்வொண்ணையும் வச்சுப் பார்த்திருக்கா. ஒண்ணுலகூடத் தவறலை.”

“கெட்டிக்காரப் பொண்ணு.”

“காலையில வீட்டுக்கே போனேன் அம்மா. அந்தப் பொடி வேண்டாம், ஊசியைப் போடுன்னேன். அவ என்னைக் கேக்கறா, ‘சார், அந்தப் பக்கம் உங்க விதியில பாஸ் ஆயிருக்கு. நீங்க இப்ப வாசல்ல நின்னு சொல்றதுக்கு ஆதாரம் எங்க? உங்ககிட்ட பேரு மட்டுந்தான இருக்கு’ங்கறா.”

பூரணியின் வாய் ஓரம் லேசாக அசைந்தது.

“டாக்டர் சொன்னாரே. அவரையுமா நம்பலை?”

“அதையும் அந்தப் பக்கத்திலேயே எழுதி வச்சிருக்கானாம். ‘இந்த இலையைப் பற்றிச் சொன்னால் உங்கள் மருத்துவர் கோபப்படுவார்’னு. இவங்க போய்ச் சொன்னாங்க. அவரும் கோபப்பட்டுட்டார்.”

பூரணி நல்ல பருமனான காய் ஒன்றை எடுத்துப் பிளந்தாள். உள்ளே புழு. தூர எறிந்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

“என் விதியில எங்க ஓட்டை? இன்னொரு விதி சேர்த்துரலாமா? அதைக் கேக்கத்தான் பஸ் ஏறி வந்தேன்.”

“அந்தப் பொடி இருக்கா?”

இருந்தது. ‘நீங்களே சோதிச்சுப் பாருங்க சார்’ என்று அமலோற்பவம் ஒரு தாளில் மடித்துக் கொடுத்திருந்தாள். சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

பூரணி உள்ளே போனாள். டம்ளரில் மோர் ஊற்றும் சத்தம் கேட்டது. கரண்டியால் கலக்கும் சத்தம் கேட்டது. கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மோர் பச்சையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு நிறத்தில் இருந்தது.

“குடிங்க.”

நல்லபெருமாள் உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்தார்.

“எதுக்கு அம்மா?”

“எல்லா விதியும் பாஸுன்னீங்களே.”

“என்னன்னே தெரியாததை எப்படிக் குடிக்கறது?”

“அந்தம்மா குடிக்கறாங்களே.”

அவர் டம்ளரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். இவளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று முதல் தடவையாக ஒரு யோசனை ஓடியது. அதைக் கண்டுகொண்டவள்போல அவள் மறுபடி முறத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அந்தப் பக்கம் என்ன சொல்லுது?”

“பூட்டு இருக்கு. எழுதினது ஒரு டாக்டர். போன மாசத் தேதி போட்டிருக்கு.”

“என்ன சொல்லுதுன்னு கேட்டேன்.”

“அடியில ஆதாரம் கொடுத்திருக்கான். வேற நாலு தளத்துலயும் இதையே...”

“வாத்தியாரே, படிச்சீங்களா?”



காலையில் அமலோற்பவம் வாசலில் வைத்துப் போனை நீட்டினாள். சிக்னல் சரியாக எடுக்காத தெரு. டாக்டரின் படம் வரவேண்டிய இடத்தில் சாம்பல் கட்டம்தான் இருந்தது. மேலிருந்து கீழே விரலால் தள்ளிக்கொண்டே போனார். பூட்டு, சரி. டாக்டர் என்று போட்டிருக்கிறது, சரி. தேதி, சரி. விரல் அடிவரை போய்விட்டது. நடுவில் என்ன இருந்தது என்று இப்போது நினைத்துப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை.

படிக்கவேண்டும் என்று சுவரில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

“இங்க சிக்னல் நல்லாக் கிடைக்கும்,” என்றாள் பூரணி. “படிங்க. சத்தமா.”

அந்தப் பெண் அனுப்பியிருந்த இணைப்பைத் திறந்தார். வகுப்பில் பாடம் வாசிக்கிற குரல் தானாக வந்தது.

“‘பனி இறங்கும் பாறை இடுக்கில் மட்டுமே முளைப்பது நீலத்தண்டு இலை. விரல் பட்டால் சுருங்கும். வெயில் பட்டால் ஒளிந்துகொள்ளும்...’”

குரல் மெதுவானது.

“‘இதைப் பறிக்கத் தெரிந்த குடும்பம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஒருவருக்கும் சர்க்கரை கிடையாது. ஏனென்றால், அவர்கள் வீட்டில்...’”

கண் போனை விட்டு விலகிச் சுவரில் நிலைத்தது. வாய் மட்டும் நிற்கவில்லை.

“‘...அவர்கள் வீட்டில் எறும்புகூட வருவதில்லை.’”

மொச்சை உரிக்கும் விரல்கள் நின்றன.

“பார்க்காமலே சொல்றீங்களே,” என்றாள் பூரணி.

நல்லபெருமாள் போனைத் தரையில் வைத்தார். கையில் ஏதோ ஒட்டிக்கொண்டதுபோல வேட்டியில் துடைத்தார்.

“இது நான் எழுதினது.”

“எப்ப?” என்றாள்.

“ரெண்டு வருஷத்துக்கு முன்னால, பன்னெண்டாம் வகுப்புக்கு, பயிற்சிக்குன்னு பொய்யா ஒரு பக்கம் செஞ்சேன். இதுல என்னென்ன தப்பு இருக்கு, கண்டுபிடிங்கன்னு பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். பூட்டு கிடையாது. தேதி கிடையாது. நிறைய எழுத்துப்பிழை. எறும்பு வரியை வேணும்னுதான் போட்டேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. கடைசியில சின்ன எழுத்துல ‘இது பயிற்சிக்காக, நம்பாதே’ன்னும் எழுதியிருந்தேன். பாடம் முடிஞ்சதும் அழிக்கணும்னு நினைச்சேன். அப்படியே விட்டுப்போச்சு.”

“அந்த டாக்டர்?”

“என் மைத்துனன். சங்கரன்கோவில்ல டயர் கடை வச்சிருக்கான். காதுகுத்துக்கு வந்தவனைப் பள்ளிக்கூட லேபுக்குக் கூட்டிட்டுப்போய், வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டுப் படம் எடுத்தேன்.”

போனை எடுத்து மேலே தள்ளினார். இப்போது படம் வந்திருந்தது. மைத்துனன் கம்பீரமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கீழே போகப் போக அவர் முகம் கறுத்தது. அவர் விட்ட இடத்தில் தேதி இருந்தது. அவர் செய்த பிழைகள் ஒவ்வொன்றும் திருத்தப்பட்டிருந்தன. அவர் காட்டாத ஆதாரங்கள் வரிசையாக நின்றன. ஒன்றைத் தொட்டால் இன்னொரு தளம், அதைத் தொட்டால் மற்றொன்று, அதைத் தொட்டால் மறுபடி மைத்துனன். அடியில் ‘நம்பாதே’ என்று இருந்த இடத்தில் ‘இப்போதே வாங்க’ என்று ஒரு பொத்தான்.

“எவனோ உக்காந்து ஒண்ணொண்ணாத் திருத்தியிருக்கான் அம்மா. என் சுவர்ல இருக்கிற அதே வரிசையில.”

“நல்லாப் படிச்சவன்.”

அவருக்கு அந்த வகுப்பின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டவன். ஜன்னலோரம் உட்கார்ந்து சிரிக்காதவள். சந்தேகமாகக் கேள்வி கேட்டவன், கேட்காமலே இருந்தவன். எந்த முகமும் இப்போது சரியாகத் தெரியவில்லை. சுவரைப் படம் பிடித்துக்கொண்டு போன வாத்தியார்களும் வந்தார்கள்.

“அவனை அப்புறம் தேடலாம்,” என்றாள் பூரணி. “அந்த இலை எந்த மலையில இருக்கு?”

“எந்த மலையிலயும் இல்லை அம்மா. பேரே நான் வச்சதுதான். அப்படி ஒரு இலையே கிடை...”

சொல்லி முடிக்கவில்லை.

பூரணி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் பார்த்தார். பொடி மெல்ல அடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

“அப்ப இது என்ன?” என்றாள்.

நல்லபெருமாள் அமலோற்பவத்தின் எண்ணைத் தேடி அழைத்தார். நல்லவேளை, முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

“அமலி, அம்மா எங்க?”

“இங்கதான் சார். பொடி கலக்கிட்டிருக்கேன்.”

“கொடுக்காதம்மா. அந்தப் பக்கத்தை எழுதினது நான். எல்லாம் பொய். அப்படி ஒரு இலையே கிடையாது.”

டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

“அதுக்கு ஆதாரம் இருக்கா சார்?”

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார். சொல்லிக்கொடுத்தபடியே கேட்டாள்.

“நானே சொல்றேனே அமலி.”

“காலையிலயும் நீங்களேதான் சார் சொன்னீங்க. அப்ப இதை எழுதினது நீங்கன்னு சொல்லலையே. எங்கம்மாவை ஊசி போட வைக்கிறதுக்காகச் சொல்றீங்களோன்னு இருக்கு.”

பழைய பக்கம் எங்கே கிடக்கிறது என்று தெரியாது. மைத்துனனைக் கூப்பிட்டால், அவனை அந்தப் பெண் எதை வைத்து நம்புவாள்? போனைக் காதில் வைத்தபடி பூரணியைப் பார்த்தார்.

பூரணி எழுந்தாள். நடந்துபோய் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

என்ன செய்கிறாள் என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

மைத்துனனைப் படம் எடுத்தபோது அவனுக்குப் பின்னால் இருந்தது நினைவுக்கு வந்தது.

“அமலி,” என்றார், “என்னை நம்பாத.”

“நம்பலை சார்.”

“சரி. அந்த டாக்டர் படத்தைப் பெருசாக்கு. அவரைப் பார்க்காத. அவருக்குப் பின்னால என்ன இருக்குன்னு சொல்லு.”

“சிக்னல் இல்ல சார், இருங்க. தெருமுனைக்குப் போறேன்.”

ஓடுகிற சத்தம். ஒரு சைக்கிள் மணி. யாரோ அவளை எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். அவள் பதில் சொல்லவில்லை.

“வந்துட்டுது சார். பின்னால ஒரு அலமாரி. பச்சை அலமாரி.”

“ம்.”

“ஒரு கதவுல தாழ்ப்பாள் இல்லை. அதுக்குப் பதிலா எதையோ கட்டியிருக்கு.”

“எதை?”

“ரிப்பன் சார். சிவப்பு ரிப்பன்.”

“யாரு ரிப்பன்?”

அது அவளுடையதுதான். ஒன்பதாவது படிக்கும்போது, பள்ளிக்கூட லேபில் கண்ணாடிக் குடுவைகள் சரிந்து விழாமலிருக்க, தன் சடையிலிருந்து ஒரு ரிப்பனை அவிழ்த்து அந்தக் கதவைக் கட்டிய பிள்ளை. மறுநாள் ஒற்றை ரிப்பனோடு பள்ளிக்கு வந்ததற்குத் திட்டு வாங்கியவள். இன்றைக்கும் அந்த முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

பிறகு திரும்பி ஓடுகிற சத்தம். போன் கையிலேயே இருந்தது. அணைக்க மறந்திருந்தாள்.

தூரத்தில் லூர்தம்மாளின் குரல் கேட்டது. “எங்கடி போன? மருந்தைக் கலக்கி வச்சிட்டு ஊர் சுத்தப் போயிட்டா. கொடு இப்படி.”

ஒரு டம்ளர் கல்லில் மோதி உருண்டது.

“ஏண்டி, என்ன காரியம் பண்ற?”

“அம்மா,” என்றாள் அமலோற்பவம், மூச்சிரைக்க. “ஊசியை எங்க வச்சிருக்க?”