செல்லக்கண்ணு பாஸ்வேர்டு போட்ட கதை

“எல்லாரும் பாதியிலேயே விட்டுட்டுப் போயிடுறாங்க, சார்” என்றாள் தில்லைநாயகி.

அவள் ஒரு செயலி செய்திருந்தாள். அவசரத்துக்கு ரத்தம் தேடுகிறவரையும் கொடுக்க மனமுள்ளவரையும் சேர்த்து வைக்கும் செயலி. சோதித்துப் பார்க்கக் கொடுத்தால் ஒருவரும் கடைசிவரை போகவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால், செய்யச் சொன்ன ரத்ததானச் சங்கத்தார் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கவலையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சூசை அவளுக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவன். வயதில் இளையவன்.

“கதையாச் சொல்லுங்கக்கா” என்றான்.

“கதையா? முதல்ல பயனர் உள்ளே வருவார்...”

“பயனர்னு எங்க ஊர்ல யாரும் இல்லை. பேர் சொல்லுங்க.”

யோசித்தாள். “செல்லக்கண்ணு.”

“எங்கே நிக்கிறான்?”

“ஆஸ்பத்திரி வராந்தாவுல. பெண்டாட்டிக்குப் பிரசவ வலி. ரத்தம் போயிக்கிட்டே இருக்கு. ஆபரேஷனுக்கு உடனே ரத்தம் வேணும்கிறாங்க.”

சூசை நிமிர்ந்து உட்கார்ந்தான். “ஐயோ. அப்புறம்?”

“போனைத் திறக்கிறான். பேர், பிறந்த தேதி போடுறான். பாஸ்வேர்டு வைக்கிறான்.”

“அப்புறம்?”

“செல்லாதுங்குது. ஒரு எண்ணாவது சேர்க்கணுமாம். மறுபடி வைக்கிறான்.”

“அப்புறம்?”

“தான் மனுஷன்தான்னு காட்ட, சிக்னல் விளக்கு இருக்கிற படத்தையெல்லாம் தொடுறான்.”

“மிஷினா இருந்தா பொறுமையாத் தொடும். இவன் மனுஷனாச்சே.”

“கிண்டல் பண்ணாதீங்க சார். பாதுகாப்புக்குத்தானே வச்சேன்? அப்புறம் அவன் தன் போட்டோவை ஏத்துறான்...”

“உள்ளே அவ எப்படி இருக்கா?”

தில்லைநாயகி லேப்டாப் திரையைப் பார்த்தாள்.

“இன்னும்... போட்டோ ஏறலை, சார்.”

சூசை எழுந்தான். பிரசவ அறை வாசலில் நிற்கும் புருஷனைப் போல, அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்க ஆரம்பித்தான்.

அவள் லேப்டாப்பை இழுத்துக்கொண்டாள். செயலியில் ஒரு படியை நீக்கினாள். அவன் நடந்தான். இன்னொன்றை நீக்கினாள். அவன் நடந்துகொண்டே இருந்தான்.

“இருங்க சார், முதல்லேருந்து சொல்றேன். போனைத் திறக்கிறான். என்ன ரத்தம்னு கேட்குது. சொல்றான். எந்த ஆஸ்பத்திரின்னு கேட்குது. சொல்றான்.”

“அப்புறம்?”

“மத்ததெல்லாம் நாளைக்கு ஆகட்டும்னு விட்டுருது. பக்கத்துத் தெருக்காரர் ஒருத்தர் ரத்தம் கொடுக்கச் செருப்புகூட மாட்டாம ஓடி வர்றார்.”

நடை நின்றது. “அவ?”

தில்லைநாயகி மூச்சை நன்றாக இழுத்து விட்டாள்.

“பொம்பளைப் பிள்ளை, சார். ரெண்டு பேரும் சுகம்.”