கதவைத் திறக்க எத்தனை நாழி

“நாலு மாசமா எழுதுறேன் மேடம். ஒரு ஈ காக்கா கூடக் கண்டுக்கலையே!”

சோணைமுத்து இப்படித்தான் ஆரம்பித்தார். சீரியலுக்கு வசனம் எழுதுகிறவர். அந்த வேலையைச் சொல்லிக்கொடுத்த வசுமதி அவரைவிடப் பத்து வயது இளையவள். அதனாலென்ன, குரு குருதான்.

“எதைக் கண்டுக்கலை அண்ணே?”

“வாரா வாரம் சமையல்கட்டுல அந்த மாமா கேரக்டர் பாடுறாரே, அந்த வரியை.”

அது அவர் இசை நாடகத்தில் பபூனாக ஆடிய காலத்துச் சிரிப்புப் பாட்டு. பபூன் கேட்பான்: ‘கதவைத் திறக்க எத்தனை நாழி, கருவாட்டுக்காரி?’ டான்ஸ்காரி பதில் பாட வேண்டும். கேள்விக்குத்தான் எழுத்து உண்டு. பதில் அன்றன்றைக்கு அவள் வாயில் வருவது. அவரோடு டான்ஸ்காரியாக ஆடிய ரஞ்சிதமணி ஒரு பதிலை மறுமுறை சொன்னதே இல்லை, பாவி மகள்! கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

“யாரு கண்டுக்கணும்?”

சோணைமுத்து கையிலிருந்த சீன் பேப்பரை மேஜையில் வைத்தார்.

“ரஞ்சிதமணி. பார்த்து இருபத்திரண்டு வருஷமாச்சு. எந்த ஊர்ல இருக்கான்னே தெரியாது. டிவி இல்லாத வீடு உண்டா? கேட்டா, சீரியல் கடைசியில ஓடுற நம்ம ஆபீஸ் நம்பருக்கு ஒரு போன் பண்ண மாட்டாளா?”

“மனசுல இருந்ததை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?”

“அவளா புரிஞ்சுக்குவான்னு இருந்துட்டேன்.”

அந்த ஒரு போனுக்காகத்தான் மனுஷன் இந்த வேலைக்கே வந்தார்.

வசுமதி சீன் பேப்பரை எடுத்தாள். மாமா கேட்கிறார். கீழே அத்தையின் பதில்: ‘இதோ வந்துட்டேன், என் ராசா.’

“இது யார் எழுதினது?”

“நான்தான்.”

“நாலு மாசமுமா?”

“ஆமா. இதே பதில்தான்.”

அவள் சிவப்புப் பேனாவால் அத்தையின் வரியை அடித்தாள்.

“ஐயையோ, கேள்வி அந்தரத்துல தொங்குமே மேடம்!”

“தொங்கட்டும்.”

அடுத்த வியாழன் மாலை ஏழு மணிக்கு அது ஒளிபரப்பானது. ஆபீஸ் டிவி முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமா பாடினார். அத்தை பேசாமல் வெங்காயம் நறுக்கினாள். அத்தோடு விளம்பரம்.

ஏழே முக்காலுக்கு ஆபீஸ் போன் அடித்தது. வசுமதி எடுத்தாள், கேட்டாள், அவரிடம் நீட்டினாள்.

ஹலோ கிலோ எதுவும் இல்லை. குரல் கொஞ்சம் தடித்திருந்தது, தாளம் மட்டும் தப்பவில்லை.

“தட்டினாத்தானே திறக்க, தடிமாடே?”