எமிலியா அவித்த முட்டை

இருபது டன் இரும்பைக் கப்பலிலிருந்து தூக்கி, தரையில் சத்தமில்லாமல் இறக்கி வைத்த கை செலஸ்டின் கர்வாலோவுடையது. அந்தக் கைக்கு ஒரு முட்டை அவிக்க வரவில்லை.

தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்ற நாலாம் மாதம் மனைவி எமிலியா பக்கவாதத்தில் படுத்தாள். வலது கை போயிற்று. பேச்சும் போயிற்று. அதுவரை அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்றுகூட அறியாத மனிதர், அறுபது வயதில் சமையல் படிக்கக் கிளம்பினார்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் பேச்சித்தாயின் மெஸ். அவளுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. துறைமுகத் தொழிலாளிகளுக்குக் காலைச் சாப்பாடு போடுகிறவள். தினமும் நூற்றைம்பது முட்டை அவிப்பாள். ஒன்றுகூட வெடிக்காது. சாப்பிட வருகிறவர்கள் எல்லோரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். இவரும் அப்படியே கூப்பிட்டார்.

எமிலியாவின் தங்கை வந்து காவல் இருக்கும் இரண்டு மணி நேரம்தான் அவருடைய பாடவேளை. வெங்காயம் உரிப்பார், கேள்வி கேட்பார், திரும்பிப் போவார்.

ஒருநாள் பந்தி ஓய்ந்ததும் ஒரு பையைத் திறந்து பலகைமேல் அடுக்கினார். ஏழு முட்டை அவிக்கும் கரண்ட் குக்கர். அதற்குத் தண்ணீர் அளக்க ஒரு குட்டிக் குவளை. முட்டையின் அகலமான பக்கம் ஓட்டை போட ஓர் ஊசி. வில்லை வில்லையாக அறுக்க ஒரு கம்பிச் சட்டம். கோழி வடிவத்தில் ஒரு டைமர்.

“கடையில இன்னும் ஏதும் மிச்சம் இருக்கா அண்ணாச்சி?” என்றாள் பேச்சித்தாய்.

அவர் சிரிக்கவில்லை.

“எல்லாம் கரெக்டாத்தான் அவியுது மாஸ்டர். பெல் அடிக்கும், எடுத்தா அச்சு மாதிரி இருக்கும். ஆனா அவ திங்க மாட்டேங்கா. செவத்தப் பாத்துத் திரும்பிக்கிடுதா. உடம்பு பாதியாப் போச்சு. தினம் ஒரு முட்டையாவது உள்ள போகணும்ங்காரு டாக்டரு. பேச்சும் பேசிப் பேசித்தான் வருமாம். ஆறு மாசத்துல வரலைன்னா அப்புறம் கஷ்டமாம். மூணு மாசம் ஓடிட்டு.”

“சரி.”

“மெஷினா, சட்டியா? எதுல அவிச்சா திம்பா? நீங்க சொல்லுங்க.”

“அக்காட்ட கேட்டீங்களா?”

“அவ எங்க மாஸ்டர் பதில் சொல்லப் போறா.”

பேச்சித்தாய் கழுவிய தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். “முன்னாடி அக்கா எப்படி அவிப்பாங்க?”

“தண்ணி கொதிச்சதும் முட்டையப் போடுவா. ஜெபமாலைய எடுத்து ரெண்டு பத்து சொல்லுவா. இருபதாவது மணி உருண்டதும் வெளிய எடுத்துருவா. மஞ்சக்கரு எளகி நிக்கும். முப்பது வருசம் அதத் தின்னுட்டுத்தான் வேலைக்குப் போனேன்.”

“இப்ப ஜெபம் யாரு சொல்லுதா?”

“எனக்கு அதெல்லாம் ஓடாது மாஸ்டர். அதுக்குத்தான் மெஷின்.”

அவள் எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டுக் கட்டி, பரண்மேல் வைத்தாள்.

“இது இங்க கெடக்கட்டும். அடுப்பு தெரியுற மாதிரி அக்கா கட்டிலத் திருப்பிப் போடுங்க. தண்ணி கொதிச்சதும் முட்டையப் போட்டுட்டு, ஜெபமாலைய அவங்க எடது கையில குடுங்க. இருபதும் முடியாம முட்டைய எடுக்காதீங்க.”

“அவளால முடிக்க முடியாதே.”

“அப்ப எடுக்காதீங்க.”

மறுநாள் வந்தவர் மேல் தீய்ந்த வாடை அடித்தது.

“நாலாவது மணியிலயே தூங்கிட்டா. தண்ணி வத்தி, முட்டை வெடிச்சு, சட்டி கரிஞ்சே போச்சு.”

“நாலு சொன்னாங்களா?”

“சொன்னாளோ, மொனகுனாளோ. ‘அருள் நிறைந்த மரியே’ன்னு தொடங்கணும். ‘அ’ மட்டும் வருது. அப்புறம் நிக்குது.” கொஞ்சம் தயங்கினார். “ஒண்ணு பாத்தேன் மாஸ்டர். முட்டை தண்ணியில விழுற சத்தம் கேட்டதுமே அவ ஒதடு அசைஞ்சுது. நான் ஜெபமாலைய எடுக்கும் முன்னயே.”

“மெஷின் ‘உஸ்’ஸுங்கும்போதும் அசைஞ்சிருக்கும்.”

கர்வாலோ அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். தினமும் குக்கர் சத்தம் கேட்டதும் அவள் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். முதல் சொல் வாயைத் தாண்டுவதற்குள் பெல் அடித்திருக்கிறது. பெல் அடித்த பிறகுதான் சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவர் அதை முட்டை பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார். இரண்டு மாதமாக அவளைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்.



“சட்டி காயாமப் பாத்துக்கிடறது உங்க வேலை. தண்ணி ஊத்திக்கிட்டே இருங்க” என்றாள் பேச்சித்தாய்.

நாலாம் நாள் ஒரு டிபன் மூடியில் பாதி முட்டையோடு வந்தார். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டியிருந்தது.

“இருபதும் சொன்னா, சொல்லு ஒண்ணும் தெளிவில்ல. முட்டை ரப்பர் பந்து மாதிரி ஆயிட்டு. பாதிய அவ தின்னா. மிச்சத்த எனக்குக் காட்டிச் சிரிச்சா.”

பேச்சித்தாய் விரலால் அழுத்திப் பார்த்தாள். “அரை மணிக்கு மேல.”

“முப்பத்தாறு நிமிசம்” என்றார் கர்வாலோ.

அன்றிலிருந்து தினமும் டிபன் மூடியில் பாதி முட்டை வந்தது. அவள் அழுத்திப் பார்த்து நிமிடம் சொல்வாள். இவர் கைக்கடிகாரத்தில் குறித்து வைத்ததைச் சொல்வார். பெரும்பாலும் ஒத்துப்போகும். முப்பது. இருபத்தாறு. பச்சை வளையம் மெலிந்துகொண்டு வந்தது. ஒருநாள் பதினெட்டு என்றாள். அந்த நாள் அவர் மெஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினார், யாரும் கேட்காமலே.

ஐந்தாம் மாதம் எமிலியாவுக்குக் காய்ச்சல் வந்தது. சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. பச்சை வளையம் மறுபடி கட்டியது. ஒரு வாரம் கர்வாலோ மூடியை நீட்டிவிட்டு, நிமிடம் கேட்காமலே வெங்காயம் உரிக்கப் போனார்.

பிறகு ஒருநாள் முழு முட்டையாக, ஓட்டோடு கொண்டு வந்தார். “உடைச்சுப் பாருங்க மாஸ்டர். எளகி இருக்கும்.”

பேச்சித்தாய் உடைக்கவில்லை. முட்டையை உருட்டி, அகலமான பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். ஊசி முனையளவு ஓர் ஓட்டை.

“கடையில மிச்சம் இருந்திருக்கு” என்றாள்.

கர்வாலோ தலையைக் குனிந்தார். ஊசியோடு புதிதாக இன்னொரு குக்கர் வாங்கியிருந்தார்.

“அழுதா மாஸ்டர். ஒரு சொல்லு வராம மூச்சு முட்டி அழுதா. முடியல. அதான் போதும்னு அடுப்ப அணைச்சிட்டேன்.”

“யாரால முடியல?”



“என்னாலதான்.”

“அக்கா நிறுத்தச் சொன்னாங்களா?”

“இல்ல. அடுப்ப அணைச்சதுக்கு ஜெபமாலையத் தூக்கி என் மேல எறிஞ்சா.”

பேச்சித்தாய் முட்டையை அவர் கையிலேயே வைத்தாள். “இத நீங்களே தின்னுங்க. நாளைக்கு அவங்க முடிக்கிற வரைக்கும் பக்கத்துல நில்லுங்க.”

அவர் நின்றார். கிரேன் அறையில் எட்டு மணி நேரம் அசையாமல் இருந்தவருக்கு, அந்த நாற்பது நிமிடம் நிற்பது பெரிய பாடாக இருந்தது. மறுநாளும் நின்றார். அதற்கு மறுநாளும் கையில் சொம்புத் தண்ணீரோடு நின்றார்.

பதினேழு நிமிடம் வந்தது. பன்னிரண்டு வந்தது. பன்னிரண்டிலேயே ஒன்பது நாள் கிடந்தது. பிறகு பத்து.

ஆறாவது மாதம் முடியப் போகும் ஒரு காலை, மூடியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு படியேறினார். மூடியில் பாதி முட்டை. வெள்ளைக்கரு இறுகியிருந்தது. நடுவில் மஞ்சள் கரு இளகி, மூடி அசையும்போதெல்லாம் லேசாக வழிந்தது.

இந்த முறை பேச்சித்தாய் அழுத்திப் பார்க்கவில்லை.

“ஆறு நிமிசம்.”

“ஆறே கால் மாஸ்டர்.”

“கால் நிமிசம் நீங்க கரண்டிய எடுக்க ஆயிருக்கும்.”

“இருபதும் சொன்னா. எங்கயும் நிக்கல. நான் வாயப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன். கடைசி மணி உருண்டதும் ‘எடுங்க’ன்னா மாஸ்டர். என்னப் பாத்து, எடுங்கன்னு சொன்னா.”

துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாலைந்து பேர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். பேச்சித்தாய் அவர் முன்னால் ஒரு டீயை வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

பந்தி ஓய்ந்ததும் பரணிலிருந்து பையை இறக்கி, தூசி தட்டி, அவர் பக்கத்தில் வைத்தாள்.

“இந்தாங்க, உங்க சாமான்.”

கர்வாலோவுக்கு விளங்கவில்லை. பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“அப்ப இனிமே எதுல அவிக்க மாஸ்டர்? மெஷினா, சட்டியா?”

“அக்காட்ட கேளுங்க” என்றாள் பேச்சித்தாய்.

‘அவ எங்க பதில் சொல்லப் போறா’ என்று சொல்ல கர்வாலோ வாயைத் திறந்தார். பிறகு வாயை மூடி, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.